துரு தின்ற காரும் தூக்கி எறியாத அச்சும்

நம்ம ஊர் சாலைகளில் 2019-லிருந்து எம்.ஜி. என்று எட்டுப் பட்டை முத்திரை குத்திய கார்கள் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். தமிழர்களுக்கு அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தால் மூன்றாவது எழுத்தை மனசு தானாகவே சேர்த்துக்கொள்ளும். நாம் என்ன செய்ய! ஆனால் இது வேறு எம்.ஜி. மாரிஸ் கராஜஸ். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1920-களில் பிறந்து, கை மேல் கை மாறி, கடைசியில் சீன கம்பெனி ஒன்றிடம் போய்ச் சேர்ந்த பெயர்.

இந்தப் பெயருக்கு உலகம் முழுக்க இன்றைக்கும் ஒரு மரியாதை இருக்கிறதென்றால், அதற்கு முக்கியமான காரணம் ஒரே ஒரு கார். எம்.ஜி.பி. என்று கூப்பிடுவார்கள். 1962-ல் வந்தது. இரண்டு பேர் உட்காரலாம். கூரையை மடக்கிவிட்டால் தலைக்கு மேலே வானம்தான். ராஜா மகாராஜாக்களுக்கான வண்டி இல்லை. மாசச் சம்பளக்கார இளைஞன் கொஞ்சம் வயிற்றைக் கட்டினால் வாங்கிவிடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். 18 வருடங்களில் 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் கணக்கில் அது மலைக்க வைக்கிற எண்ணிக்கை.

இப்பேர்ப்பட்ட காரை எந்த விபத்தும் பெரிதாக ஒழிக்கவில்லை. எஞ்சினும் முரட்டு எஞ்சின், லேசில் சாகாது. ஒழிக்கப் பார்த்தது ஒரு அல்ப எதிரி. துரு!

திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியே சொல்லும். இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் கூடினால் துரு. கூடவே உப்பும் சேர்ந்தால் கொண்டாட்டம். உப்பு கலந்த ஈரத்தில் மின்சாரம் சுலபமாகப் பாயும். துரு பிடிப்பதே அடிப்படையில் ஒரு குட்டி மின்வேதியியல் விவகாரம் என்பதால் வேகம் பல மடங்கு கூடிவிடும்.

இங்கிலாந்தில் கடல் பக்கத்தில் இல்லாத கார்களுக்கு உப்பு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அரசாங்கமே கொட்டியது! குளிர்காலத்தில் ரோட்டில் ஐஸ் உறைந்தால் வண்டி வழுக்கும். உப்பைத் தூவினால் தண்ணீர் உறையும் வெப்பநிலை இறங்கிவிடும், ஐஸ் கரையும். செஷயர் பகுதியில் விண்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் பூமிக்கடியில் இதற்கென்றே உப்பைத் தோண்டுகிறார்கள். மனுஷன் உயிர் தப்பியது. காரின் ஆயுள் குறைந்தது.

எல்லாக் காருக்கும்தானே அந்தக் கதி, எம்.ஜி.பி-க்கு மட்டும் என்ன தனி சோகம்? இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு தீப்பெட்டி போதும்.

தீப்பெட்டியின் உள் தட்டை மட்டும் வெளியே எடுத்து இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். நெளியும். வெளிக்கூட்டுக்குள் செருகிவிட்டு முறுக்குங்கள். அசையாது. காரிலும் அப்படித்தான். எம்.ஜி.பி-க்கு முந்தைய எம்.ஜி.ஏ. மாடலில் கீழே கனமான இரும்புச் சட்டம், அதாவது சேஸிஸ், தனியாக இருந்தது. மேலே இருக்கும் தகரம் வெறும் சட்டை மாதிரி. எம்.ஜி.பி-யில் சேஸிஸைத் தூக்கிவிட்டார்கள். உடம்பேதான் எலும்பு. எடை மிச்சம், இட வசதி, எல்லாம் சரி. ஆனால் திறந்த காருக்குக் கூரை கிடையாதே! தீப்பெட்டிக்கு வெளிக்கூடு இல்லை. அப்போது முன் பாதியையும் பின் பாதியையும் சேர்த்துப் பிடிப்பது யார்?

கதவுக்குக் கீழே, ஏறும்போது நீங்கள் காலைத் தாண்டி வைக்கிற வாசல்படி. 'சில்' என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தகடு. உள்ளே அடுக்கடுக்காகப் பல தகடுகள் பற்றவைக்கப்பட்டு ஒரு மூடிய பெட்டி மாதிரி இருக்கும். கோட்டை மதில் மாதிரி மடித்த ஒரு துண்டு உண்டு. அதனால் அதற்கு 'காஸில்' என்றே பெயர். தகடு ஒவ்வொன்றும் மெல்லியதுதான். ஆனால் மொத்தக் காரின் முதுகெலும்பு அதுதான்.

அந்த முதுகெலும்புக்குப் பக்கத்திலேயே முன் சக்கரம். சக்கரம் வாரி இறைக்கிற சேறு, உப்போடு சேர்ந்து, மட்கார்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் போய்ப் படியும். வெயில் வந்தாலும் உலராது. உள்பக்கம் பெயின்டும் சரியாக எட்டியிருக்காது. துரு உள்ளேயிருந்து தின்ன ஆரம்பிக்கும். இரும்பைவிடத் துரு அதிக இடம் கேட்கும். உப்பும். பளபள சிவப்புப் பெயின்டில் முகப்பரு மாதிரி ஒரு சின்னக் கொப்புளம் வெளியே தெரியும்போது, உள்ளே பாதி காலி!

இங்கேதான் மனித சுபாவம் வேலை செய்தது. கொப்புளத்தைச் சுரண்டி, ஓட்டையில் பட்டியை அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்தார்கள். நம்ம ஊர் டிங்கரிங் கடைகளுக்கும் அறிமுகமான சமாச்சாரம்தான். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் பட்டி எடையைத் தாங்காது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு காந்தம் எடுத்துப் போகும் பழக்கம் இப்படித்தான் வந்தது. காந்தம் ஒட்டினால் இரும்பு. நழுவினால் பட்டி. விலை பேசாமல் வீட்டுக்கு நடையைக் கட்டலாம்.

பிரிட்டனில் 1960-லிருந்து பழைய கார்களுக்குக் கட்டாயச் சோதனை உண்டு. எம்.ஓ.டி. டெஸ்ட் என்பார்கள். ஆரம்பத்தில் பிரேக், ஸ்டீயரிங், விளக்கு இவ்வளவுதான் பார்த்தார்கள். 1977-ல் உடம்பின் உறுதியும் பட்டியலில் சேர்ந்தது. துருப்பிடித்த சில்லோடு போனால் திருப்பி அனுப்பினார்கள். ஓடுகிற எஞ்சினோடு எத்தனையோ எம்.ஜி.பி-க்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

சரியாக ரிப்பேர் செய்யக் கூடாதா? செய்யலாம். ஆனால் அது ஆபரேஷன். முதலில் காரைச் சமதளத்தில் நிறுத்தி, கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்துப் பற்றவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய சில்லை அறுத்த மறுநிமிஷம் கார் நடுவில் தொய்ந்துவிடும். புது சில்லைப் பற்றவைத்தபின் கதவைச் சாத்தினால் சாத்தாது. ஆயுசுக்கும் சாத்தாது! அதனால் ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தில் கை வைப்பார்கள். துருவுக்கும் நல்ல தகட்டுக்கும் எல்லைக்கோடு தேடி, பளபளவென்று இரும்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். அதிகச் சூடு காட்டினால் தகடு நெளியும். எல்லாம் முடிந்தபின் பெட்டிக்குள்ளே மெழுகைப் பீய்ச்சி அடைக்க வேண்டும். இப்படி ஒரு காரிலேயே மாசக் கணக்கில் மூழ்கிப்போனவர்கள் உண்டு.

காருக்குத் துரு என்றால், காரைச் செய்த கம்பெனிக்கு வேறு வியாதி. எம்.ஜி. அப்போது பிரிட்டிஷ் லேலண்ட் என்ற அரசாங்க உடைமை யானையின் வாலில் தொங்கிக்கொண்டிருந்தது. நஷ்டம், ஸ்ட்ரைக், குழப்பம். 1979 செப்டம்பர். ஆபிங்டன் ஊரில் எம்.ஜி. தொழிற்சாலை வந்து 50 வருடம் ஆனதை ஊரே விழாவாகக் கொண்டாடியது. விழாக் களைப்பு தீரவில்லை. 10-ம் தேதி திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது. ஆபிங்டனில் கார் தயாரிப்பை நிறுத்தப்போகிறோம்! ரசிகர்கள் கொதித்துப்போய் லண்டனில் கார்களோடு ஊர்வலம் போனார்கள். ஆஸ்டன் மார்ட்டின் ஆட்கள் கூட்டுச் சேர்ந்து எம்.ஜி-யை விலைக்குக் கேட்டார்கள். எதுவும் பலிக்கவில்லை. 1980 அக்டோபரில் கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசி எம்.ஜி.பி. வெளியே வந்தது. அரை நூற்றாண்டு கார் செய்த கைகள் வேறு வேலை தேடிப் போயின.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். புதுக் கார் வராது. பழைய காரைத் துரு தின்றுகொண்டே இருக்கும். இன்னும் 20 வருடத்தில் மியூசியத்தில் நாலு மிஞ்சினால் அதிகம்.

ஆனால் ஒரு விஷயம் தப்பிப் பிழைத்திருந்தது. அச்சு!

காரின் தகடுகளைக் கையால் தட்டிச் செய்வதில்லை. பாத்திரம் மாதிரி, ராட்சத பிரஸ்ஸில் அச்சுக்குள் தகட்டை வைத்து ஒரே அமுக்கு. மட்கார்டுக்கு, கதவுக்கு, தரைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு. கனமான இரும்பு. எடைக்குப் போட்டால் நல்ல காசு. தொழிற்சாலையை மூடுகிற கம்பெனி அதைத்தான் செய்யும். ஆனால் ஐந்து லட்சம் காருக்கு உதிரித் தகடு தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. அதனால் எம்.ஜி.பி. அச்சுகளில் பெரும்பாலானவை உலைக்குப் போகாமல் தப்பின.

பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்று ஒரு கிளை நிறுவனம். பழைய கார்களுக்கு உதிரி பாகம் கொடுப்பது அதன் வேலை. அதன் தலைவர் டேவிட் பிஷப்புக்கு ஓர் எளிமையான யோசனை. தனித்தனித் தகடாகவே விற்பானேன்? எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றவைத்து முழு உடம்பையே புதுசாகச் செய்து கொடுத்தால் என்ன? எஞ்சின், கியர் பாக்ஸ், சீட் எல்லாவற்றையும் பழைய காரிலிருந்து கழற்றி இதில் மாட்டிக்கொள்ளட்டுமே!

அச்சுகளைத் தேடிச் சேகரித்தார்கள். தகடுகளைப் பொருத்திப் பிடிக்கிற சட்டங்களை ஏற்பாடு செய்தார்கள். ஃபாரிங்டன் என்ற சின்ன ஊரில் பட்டறை போட்டார்கள். 1988-ல், தொழிற்சாலை மூடி எட்டு வருடம் கழித்து, புத்தம் புது எம்.ஜி.பி. உடம்பு விற்பனைக்கு வந்தது. அதே அளவு, அதே வளைவு. துரு மட்டும் கிடையாது!

பட்டறையில் மல்லாக்கப் படுத்து வெல்டிங் செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். செத்த கார்கள் எழுந்து வந்தன. அடுத்து எம்.ஜி. மிட்ஜெட்டுக்கும், டிரையம்ஃப் டி.ஆர்.6-க்கும் புது உடம்பு வந்தது. தாய்க் கம்பெனியே இதைப் பார்த்துவிட்டு, அதே உடம்பில் கொஞ்சம் சதை போட்டு, பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்து, 1992-ல் எம்.ஜி. ஆர்.வி.8 என்று ஒரு புதுக் காரையே அறிமுகப்படுத்தியது. சுமார் 2,000 கார்கள் செய்தார்கள். முக்கால்வாசி போன இடம் ஜப்பான்! துருப்பிடித்த காருக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பிய வேலை, செத்துப்போன எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காருக்கே உயிர் கொடுத்தது.

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். வர வேண்டும். உடம்பு முழுக்கப் புதுசென்றால், அது 1965-ம் வருடத்துக் கார்தானா? ஒவ்வொரு பலகையாக மாற்றப்பட்ட கப்பல், பழைய கப்பல்தானா என்று கிரேக்கர்கள் அந்தக் காலத்திலேயே மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. தத்துவவாதிகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் வாகனப் பதிவு அலுவலகம் மார்க் போட்டு முடிவு செய்தது! மிகவும் மாற்றி அமைத்த கார் பழைய நம்பரை வைத்துக்கொள்ள 8 மார்க் வேண்டியிருந்தது. உடம்புக்கு 5. அது பழசாகவும் இருக்கலாம், அதே மாதிரி செய்த புதுசாகவும் இருக்கலாம். சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர் பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. நாம் இதயம் என்று கொண்டாடுகிற எஞ்சினுக்கு எவ்வளவு தெரியுமா? 1! எஞ்சின் மாறலாம், பரவாயில்லை. காரை அந்தக் காராக வைத்திருப்பது அதன் வடிவம் என்று கணக்கு.

யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. துரு தின்றது ஒரு தகட்டை. தகடு போனால் இன்னொன்று வரும், அச்சு இருக்கும்வரை. அச்சை எடைக்குப் போட்டிருந்தால் எத்தனை கெட்டிக்கார டிங்கர் வந்தும், எத்தனை கிலோ பட்டி அப்பியும் பிரயோஜனம் இருந்திருக்காது.

பழைய பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுவது ஒரு வழி. அதைத் திரும்பச் செய்யும் வழியைக் காப்பாற்றுவது இன்னொரு வழி. தறியோ, வார்ப்பு வேலையோ, பாட்டியின் கைப்பக்குவமோ, எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பரணிலோ, ஊர்ப் பட்டறையிலோ ஏதாவது ஒரு பழைய அச்சு கிடந்தால், எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அதைத் திருப்பிப் பாருங்கள்.