மூணு கலர் கடல்பாசி: எலும்பு, பாசி, ஒரு தட்டு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிக்குது. என்னோட தோல்விதான்.

அக்கா பொண்ணுக்கு முதல் பிறந்தநாள். காரைக்கால் கோவில்பத்துல எங்க வீட்டு மொட்டை மாடியிலதான் ஃபங்ஷன். மே மாசம். "டெசர்ட் என் பொறுப்பு"ன்னு நான் வாய விட்டுட்டேன். வீடியோவெல்லாம் பாத்து, ஆன்லைன்ல ஜெலட்டின் பவுடர் வாங்கி, சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு மூணு அடுக்கு, நாப்பது கப். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தப்போ அழகா நின்னுச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிக்கு கொண்டு போய் வச்சு, கேக் வெட்டி, போட்டோ எடுத்து முடிக்கிறதுக்குள்ள மூணு கலரும் ஒண்ணாக் கலந்து ஒரு மாதிரி பழுப்பு சர்பத் ஆயிடுச்சு.

அந்த நேரம் பாத்து எதிர்வீட்டு ராத்தா ஒரு பெரிய தட்டு அனுப்புனாங்க. அதுவும் மூணு கலர்தான். டைமண்ட் டைமண்டா வெட்டின கடல்பாசி. ஃப்ரிட்ஜ்லயே வைக்காதது. அந்த வெக்கையிலயும் ஒரு துண்டு கூட அசையல.

அடுத்த அடி அம்மாகிட்ட இருந்து வந்துச்சு. "உன் கப்பை ராத்தா வீட்டுக்குக் குடுக்கலாமாடா? அது எதுல செஞ்சது?" டப்பாவைத் திருப்பிப் பாத்தேன். மாட்டு எலும்பா, பன்னித் தோலான்னு கூட அதுல போடல. அதனால ராத்தா வீட்டுக்கும் குடுக்க முடியாது. வந்திருந்தவங்கள்ல சைவம் சாப்பிடுறவங்களுக்கும் குடுக்க முடியாது. நம்ம பாஷையில சொன்னா, ஒரே ரிலீஸ்ல ரெண்டு பக்.

ராத்தா அனுப்புன தட்டுல ரெண்டு பக்கும் இல்ல. ஏன் இல்லைன்னு தேடப் போனேன். அது ஜப்பான், ஜெர்மனி, ரெண்டாம் உலகப் போர்னு சுத்தி கடைசியில பாம்பன்ல போய் நின்னுச்சு. அந்தக் கதையைத்தான் இன்னைக்கு பேசப் போறோம்.

எலும்புல இருந்து வந்தது

முதல்ல ஜெலட்டின். இது ஒரு புரதம். விலங்கோட தோல், எலும்பு, தசைநார் இதுல இருக்கிற கொலாஜனை ரொம்ப நேரம் கொதிக்க வச்சா ஜெலட்டின் இறங்கும். ஐரோப்பாவுல பல நூற்றாண்டா கன்னுக்குட்டிக் காலை மணிக்கணக்கா வேக வச்சு, கொழுப்பை எடுத்து, வடிகட்டித்தான் ஜெல்லி செஞ்சாங்க. நாம ஆட்டுக்கால் பாயா வச்சு மறுநாள் காலையில சட்டியைத் திறந்தா உறைஞ்சு கிடக்குமே, அதே சமாச்சாரம்தான். ஆனா அதைத் தெளிவா, வாசனை இல்லாம எடுக்கணும்னா ஆள் வேணும், விறகு வேணும், ஐஸ் வேணும். அதனால ஜெல்லிங்கறது பணக்காரங்க விருந்துப் பண்டமாவே இருந்துச்சு.

1845-ல பீட்டர் கூப்பர்ங்கற அமெரிக்கத் தொழிலதிபர் தூள் ஜெலட்டினுக்கு காப்புரிமை வாங்குனாரு. 1897-ல நியூயார்க் மாநிலத்துல லீராய்ங்கற ஊர்ல பேர்ல் வெய்ட் அதுல கலரும் பழ எசென்ஸும் சேர்த்து 'ஜெல்-ஓ'ன்னு பேர் வச்சாரு. விக்கத் தெரியல. 1899-ல 450 டாலருக்கு அந்தப் பேரையும் வியாபாரத்தையும் வித்துட்டாரு. அப்புறம் வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்துச்சு, கலர் ஜெல்லி பிறந்தநாள் பண்டம் ஆச்சு.

ஃப்ரிட்ஜ்ங்கறது இங்க முக்கியம். ஜெலட்டின் நம்ம உடம்புச் சூட்டுக்கே கரைஞ்சுடும், அதனாலதான் வாயில வச்சதும் வழுக்கிட்டு இறங்குது. ஆனா காரைக்கால் மே மாசமும் கிட்டத்தட்ட உடம்புச் சூடுதானே? என் கப் எல்லாம் வாய்க்குப் போறதுக்கு முன்னாடியே கரைஞ்சதுக்குக் காரணம் அதுதான்.

பனியில காஞ்சது

கடல்பாசி முழுக்க வேற பொருள். செம்பாசி வகைக் கடற்பாசியைக் கொதிக்க வச்சு எடுக்கிற மாவுச்சத்து மாதிரியான ஒண்ணு. உலகம் இதை அகர்-அகர்னு சொல்லுது. நம்ம மளிகைக் கடையில 'சைனா கிராஸ்'.

பேர்ல சைனா இருந்தாலும், காய வச்சு எடுக்கிற முறை ஜப்பான்ல வந்தது. அங்க வழக்கமா சொல்ற கதை இது. 1658 வாக்குல, கியோட்டோ பக்கம் ஃபுஷிமியில மினோ தாரோசாய்மோன்னு ஒரு விடுதிக்காரர். பாசிக் கூழ் மிஞ்சிப் போச்சுன்னு குளிர்கால ராத்திரியில வெளிய கொட்டிட்டாரு. ராத்திரி உறைஞ்சு, பகல்ல உருகி, சில நாள்ல காஞ்ச சருகாயிடுச்சு. அதை எடுத்து மறுபடி கொதிக்க வச்சா, முன்னைவிடத் தெளிவான கூழ் கிடைச்சுது. ஜப்பான்ல அதுக்கு 'கான்டென்'னு பேர், குளிர் வானம்னு அர்த்தம்.

கதை எந்த அளவுக்கு உண்மையோ, வேதியியல் உண்மை. உறைஞ்சு உருகும்போது தண்ணி வெளியேறுது. உப்பு, நிறம், கடல் வாடை எல்லாம் அதோடயே போயிடுது. பின்னாடி வந்த தொழிற்சாலைகளும் இதே உறைய வச்சு உருக்குற முறையைப் பயன்படுத்துச்சு.

பேர் சொல்ற பாதை

இது காரைக்கால் அடுப்படிக்கு வந்த பாதையைப் பேரே சொல்லிடும். 'அகர்-அகர்' மலாய் வார்த்தை. நாகூர், காரைக்கால் மரக்காயர்கள் மலாயாவோட வியாபாரம் பண்ணுனது பல தலைமுறைப் பழக்கம். சிங்கப்பூர்ல நாகூர் தர்கா 1828-க்கும் 1830-க்கும் நடுவுல கட்டுனது. இன்னைக்கும் அங்க நிக்குது.

காரைக்காலுக்கு இன்னொரு வாசலும் இருந்துச்சு. பிரெஞ்சுக்காரங்க இங்க வந்தது 1739. நிர்வாகத்தைக் கைமாத்துனது 1954 நவம்பர் 1. அந்தக் காலத்துல நம்ம ஊர்க்காரங்க பலர் சைகோனுக்குப் போய் அரசாங்க வேலையும் வியாபாரமும் பாத்தாங்க. சைகோன் நடுவுல தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல கட்டின பள்ளிவாசல் இப்பவும் இருக்கு. வியட்நாம்லயும் அகர்ல செய்யற குளிர் இனிப்பு உண்டு. இப்போ கொஞ்சம் யோசிங்க. கப்பல் ஏறிப் போனவங்க எல்லாம் அகர் சாப்பிடுற ஊருக்கே போயிருக்காங்க. திரும்பி வரும்போது துணி, சாமானோட ஒரு ருசியும் கூட வந்திருக்கும்னு நான் நினைக்கிறேன்.

அது ஒட்டிக்கிட்டதுக்கு காரணம் இருக்கு. மிருகத்துல இருந்து வந்தது இல்ல, அதனால ஹலாலான்னு கேள்வியே வராது. நோன்பு திறக்கிற நேரத்துக்குக் குளிர்ச்சி. ஐஸ் வேண்டாம். இலங்கை முஸ்லிம்கள் 'கடப்பாசி'ன்னு சொல்லி நோன்புக்கும் பெருநாளுக்கும் செய்யறாங்க. நம்ம பக்கம் நோன்புக் கஞ்சியோட இதுவும் வரும். கோவில்பத்துன்னா திருத்தெளிச்சேரி, சம்பந்தர் பாடின பார்வதீஸ்வரர் கோவில் இருக்கிற இடம். அந்தக் கோவில் வாசல் தெரு சைவ வீட்டுக்கும் இந்தத் தட்டு தடையில்லாம போகும். ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான பண்டம் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, இதோட அருமை தெரியும்.

அடுப்படியில இருந்து ஆய்வகத்துக்கு

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1881, ஜெர்மனி. வால்தர் ஹெஸ்ஸேன்னு ஒரு டாக்டர், காத்துல இருக்கிற பாக்டீரியாவை ஜெலட்டின் மேல வளர்த்துப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கோடை வந்ததும் ஜெலட்டின் உருகிப் போகுது. போதாததுக்கு சில பாக்டீரியா அதையே சாப்பிட்டுடுது. சுருக்கமா, என் மொட்டை மாடிப் பிரச்சனை.

அவரோட மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. "உன் ஜெல்லியும் புட்டிங்கும் மட்டும் இந்த வெயில்ல எப்படி நிக்குது?"ன்னு கேட்டிருக்காரு. அகர்-அகர்தான் காரணம்னு அந்தம்மா சொன்னாங்க. அமெரிக்காவுல சின்ன வயசுல, ஜாவாவுல இருந்து வந்த டச்சுக்காரங்ககிட்ட கத்துக்கிட்டது. விஷயம் ராபர்ட் கோக் ஆய்வகத்துக்குப் போச்சு. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சதை கோக் அறிவிச்சது 1882 மார்ச் 24. அந்த வருஷக் கட்டுரையில அகர் பத்தி ஒரு வரி இருக்கு, ஃபேனி பேர் இல்ல.

இன்னைக்கும் உலகம் பூரா ஆய்வகத் தட்டுல இருக்கிறது அதேதான். அளவு கூட நம்ம அளவுக்குப் பக்கம்: ஆய்வகத்துல லிட்டருக்கு 15 கிராம், வீட்டு கடல்பாசிக்கு லிட்டருக்கு 10 கிராம் போட்டாப் போதும். ஆய்வகத்துக்குள்ள வந்த அந்த அடுப்படி அறிவு ஜாவாவோடது. நம்ம ஆளுங்க போய் வந்த அதே கடல்.

போர் வந்தது, பாம்பன் தெரிஞ்சது

அகர் ஆய்வகப் பொருள் ஆனதும் பிரச்சனையும் வந்துச்சு. விக்கிறதுல பெரும்பகுதி ஜப்பான் கையில. 1941 டிசம்பர்ல ஜப்பான் போர்ல இறங்கினதும் நேச நாடுகளுக்கு சப்ளை நின்னுபோச்சு. தடுப்பூசி, கிருமிப் பரிசோதனை எல்லாத்துக்கும் அகர் வேணும். நாட்டுக்கு நாடு அவங்கவங்க கரையில பாசி தேட ஆரம்பிச்சாங்க. இந்தியாவுலயே அகர் தயாரிக்கிறது பத்தி 1943-ல ஆய்வுக் கட்டுரை வந்துச்சு.

தேடுனது நம்ம பக்கத்துலயே இருந்துச்சு. மன்னார் வளைகுடா. அங்க மீனவ ஜனங்க முன்னாடியே இதுக்கு பேர் வச்சிருந்தாங்க: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி. கஞ்சி காய்ச்சிக் குடிச்சதாலதான் கஞ்சிப் பாசி. போருக்கு அப்புறம் மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்தப் பாசிகளை ஆராய்ஞ்சுது. 1966-ல இருந்து அகருக்காக வணிகரீதியா எடுக்க ஆரம்பிச்சாங்க. மதுரைப் பக்கம் ஆலைகள் வந்துச்சு.

எடுக்கிறது யாரு? பெரும்பாலும் பெண்கள். விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில இருந்து கையால பறிக்கிறாங்க. பாறையும் சிப்பியும் கையைக் கிழிக்கும்.

1986-ல அங்க இருக்கிற 21 தீவுகளையும் சுத்தியுள்ள கடலையும் சேர்த்து தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. பவளப்பாறையைக் காப்பாத்தணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா தலைமுறையா முங்குன இடம் ஒரே அறிவிப்புல தடை செஞ்ச இடம் ஆயிடுச்சு. வனத்துறையோட வருஷக்கணக்கா இழுபறி. அப்போ அந்தப் பெண்கள் சங்கமா சேர்ந்து தங்களுக்கே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. மாசத்துல 12 நாள்தான் எடுக்கிறது. பாசி வளர்ற பருவத்துல கடலுக்கே போறதில்ல. உலோகக் கருவி வச்சு சுரண்டுறதில்ல. அவங்கள்ல சின்னப்பாலம் ஊரைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல சர்வதேச சீக்காலஜி பரிசு கிடைச்சுது.

பாதுகாப்புன்னா அவங்க மட்டும்தான் விலை குடுக்கணுமான்னு கேக்குறதுல நியாயம் இருக்கு. பாசியையே பயிர் பண்ணலாமேன்னு வெளிநாட்டு வகை ஒண்ணைக் கொண்டுவந்து பாக் ஜலசந்திப் பக்கம் வளர்த்தாங்க. அது அகர் பாசி கூட இல்ல, காரஜீனன் எடுக்கிற கப்பாஃபைகஸ். நிறைய குடும்பத்துக்கு வருமானம் வந்துச்சு. ஆனா குருசடைத் தீவுல அது பவளத்து மேலேயே படர்ந்திருக்குன்னு 2008-ல ஆய்வாளர்கள் எழுதுனாங்க. கடல்ல எந்த ஃபிக்ஸும் லேசானது இல்ல.

திரும்ப மொட்டை மாடிக்கு

ராத்தாகிட்ட போய் கத்துக்கிட்டேன். சைனா கிராஸை நறுக்கி, ஊற வச்சு, தண்ணியில மட்டும் முழுசா கரையிற வரைக்கும் கொதிக்க விடணும். சீனி அப்புறம்தான். எலுமிச்சை பிழியறதா இருந்தா அடுப்பை அணைச்சுட்டு. புளிப்போட சேர்த்துக் கொதிக்க விட்டா உறையற பலம் போயிடும். பால் சேர்த்தா பாலும் சூடா இருக்கணும்.

அடுக்கு ரகசியம் இதுதான்: அகர் 40 டிகிரிக்குப் பக்கத்துல உறையும், ஆனா மறுபடி உருக 85 டிகிரிக்கு மேல வேணும். அதனால கீழ் அடுக்கு உறைஞ்ச உடனே, மேல்பரப்பு இன்னும் பிசுபிசுன்னு இருக்கும்போதே அடுத்த கலரைச் சூடா ஊத்தலாம். கீழ இருக்கிறது கரையாது, ரெண்டும் ஒட்டிக்கும். "ஆறட்டும்னு காத்திருந்தேன்னு வையி தம்பி, வெட்டும்போது தனித்தனியா கழண்டு வரும்"னாங்க ராத்தா. அந்த 85 டிகிரி கணக்கு ஃபேனிக்கும் தெரியாது, ராத்தாவுக்கும் தெரியாது. ஆனா கைக்குத் தெரிஞ்சிருக்கு.

இந்த வருஷம் அக்கா பொண்ணுக்கு ரெண்டு வயசு. அதே மாடி, அதே மே மாசம். ரோஸ்மில்க், மாம்பழம், இளநீர்னு மூணு கலர். அம்மா இந்தத் தடவை டப்பாவைத் திருப்பிப் பாக்கல. முதல் தட்டு எதிர்வீட்டுக்குப் போச்சு.

நீங்க அடுத்த தடவை கடல்பாசி சாப்பிடும்போது, பாம்பன் பக்கம் விரல்ல துணி சுத்தி முங்குற அந்த அக்காக்களை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.