தொகையும் தேதியும்

காவிரிப் பிணக்கை நெல்லின் கதையாகவே படித்துப் பழகியிருக்கிறோம். மேலே கரும்பு, கீழே சம்பா, இடையில் அணை. இந்தச் சித்திரத்தில் மின்சாரம் விடுபட்டுப் போகிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் பிணக்கின் இன்னொரு வேர் தெரியும்.

மைசூர் சமஸ்தானமும் சென்னை ராஜதானியும் 1892இல் செய்துகொண்ட ஒப்பந்தம் பாசனத்தைப் பற்றியது. சென்னையின் சம்மதமின்றி மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டக்கூடாது என்றது. பத்து வருஷம் கழித்து, 1902இல், சிவசமுத்திரம் அருவியில் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பி வழியே கோலார் தங்கச் சுரங்கங்களுக்குப் போயிற்று. பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிய 1905 ஆயிற்று. சுரங்கங்களை நிர்வகித்தது லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்.

நீர்மின்சாரம் தண்ணீரைக் குடிப்பதில்லை. இயந்திரத்தைச் சுழற்றியபின் நீர் ஆற்றுக்கே திரும்பிவிடுகிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. சுரங்கத்துக்கு வருஷம் முழுக்க ஒரே சீராக மின்சாரம் வேண்டும். கோடையில் ஆறு மெலிந்துவிடும். ஆகவே அருவிக்கு மேலே ஒரு தேக்கம் தேவைப்படுகிறது. 1911இல் தொடங்கிய கண்ணம்பாடி அணைக்குப் பின்னால் விஸ்வேஸ்வரய்யாவின் பாசனத் திட்டத்தோடு, கோலாருக்கு அறாமல் மின்சாரம் தரவேண்டிய நிர்ப்பந்தமும் இருந்தது. தேக்கிய நீர் அளவில் குறையாவிட்டாலும், கீழே வந்துசேரும் நாள் மாறிவிடுகிறது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது உடனே விளங்கும். ஆடியில் வரவேண்டியது மாசியில் வந்தால், தஞ்சாவூர் விவசாயிக்கு அது கெடு தாண்டிய காசோலை.

சென்னை எதிர்த்தது. 1914இல் நீதிபதி கிரிஃபினின் நடுவர் தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக வந்தது. சென்னை விடவில்லை, வழக்கு லண்டன்வரை போயிற்று. எதிரெதிரே நின்ற இரு அரசுகளுக்கும் மேலே இருந்தது ஒரே பிரிட்டிஷ் அதிகாரம் என்பதுதான் விசித்திரம். 1924 ஒப்பந்தம் ஆளுக்கோர் அணையைக் கொடுத்து விவகாரத்தை முடித்தது: கண்ணம்பாடிக்குச் சுமார் 45 டி.எம்.சி., மேட்டூருக்கு 93.5.

மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. அங்கே மின் உற்பத்தி தொடங்கியது 1937இல். பாசனத்துக்குத் திறந்துவிடும் நீரே அங்கு மின்சாரமும் தருகிறது. மின்சாரம் நெல்லின் நாளுக்குக் காத்திருக்கிறது. சிவசமுத்திரத்துக்காக நீரைச் சீராக அனுப்பவேண்டிய கண்ணம்பாடியில் நிலைமை வேறு. ஒரே ஆறு, இரண்டு பஞ்சாங்கங்கள்.

எந்தப் பஞ்சாங்கத்திலும் இடம் பெறாதவர்களும் உண்டு. மேட்டூரில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டுகின்றன. மூழ்கிய ஊர்களின் மிச்சம் அவை. நம் உரைநடை காவிரியைப் பெரும்பாலும் தஞ்சாவூர்ப் படித்துறையிலிருந்து பார்த்தது. பண்ணவாடியிலிருந்து பார்த்தால் அது வேறு நதி.

தேசங்களுக்கிடையிலும் இதே கதைதான். 1960இன் சிந்து நதி ஒப்பந்தம், மேற்கு நதிகளில் இந்தியா மின்சாரம் எடுக்கலாம் என்று அனுமதித்து, நீரைத் தேக்கிவைப்பதற்குக் கடுமையான வரம்பும் விதித்தது. செனாப் நதியின் பக்லிஹார் அணை பற்றிய தகராறு நிபுணர் ஒருவரிடம் போய் 2007இல் முடிவானது. பாகிஸ்தானின் அச்சம், மதகு யார் கையில் என்பது. 2025இல் இந்தியா அந்த ஒப்பந்தத்தையே நிறுத்திவைத்தபோது அந்த அச்சம் இன்னும் பெரிதாயிற்று.

2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது. அதை மாதவாரியாகத் தரவேண்டும். நூறாண்டுக்கும் மேலான வாதம் கடைசியில் ஒரு தேதிப் பட்டியலில் வந்து நிற்கிறது. மேகதாதுவில் 67 டி.எம்.சி. தேக்கி 400 மெகாவாட் எடுக்கலாம் என்று கர்நாடகம் சொல்லும்போது, மின்சாரம் தண்ணீரைக் குடிக்காது என்ற பழைய வாக்கியம் மறுபடியும் காதில் விழுகிறது. எவ்வளவு என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். எப்போது, யார் சொல்லி என்றும் கேட்கவேண்டும்.

ஆட்டையாம்பட்டியில் இதை எழுதும் இரவில் தறிச் சத்தம் ஓயவில்லை. கம்பியில் வருவது எந்த ஆற்றின் எந்த மாதம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. நானும் இதுவரை கேட்டதில்லை.