நடுவில் ஒருவர் வேண்டுமா? – வீட்டு வலையமைப்பின் பின்னால் ஓர் அரை நூற்றாண்டு



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு வலையமைப்பில் ஒரு சிறு பெட்டியைச் சேர்த்தேன். உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. விலை 400 ரிங்கிட்டுக்கும் குறைவு. வீட்டிலுள்ள வைஃபைக் கருவிகள் அனைத்தையும் ஓரிடத்திலிருந்து ஆள்வதே அதன் வேலை. அதனைப் பொருத்திய மூன்று நாள்களும் வலைக்கம்பியோடு சேர்ந்து வரலாறும் என்னைச் சுற்றிக்கொண்டது. அதனையே இங்கு எழுத முற்படுகிறேன்.

வலையமைப்புக்கு நடுவில் ஓர் ஆள்பவர் வேண்டுமா என்னும் கேள்வி கணினியைவிட மூத்தது. 1878-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி நிலையம் 21 உறுப்பினர்களுடன் திறக்கப்பட்டது. யார் யாரோடு பேசினாலும் நடுவில் அமர்ந்திருக்கும் இணைப்பாளரின் கை வழியாகத்தான் பேச வேண்டும். கான்சஸ் நகரில் இறுதிச் சடங்குத் தொழில் நடத்திவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவருக்கு இதிலேதான் ஐயம் பிறந்தது. தம்மை நாடி வரும் அழைப்புகளை இணைப்பாளர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவர் கருதினாராம். இது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் கதை. ஆனால், மனிதக் கை படாமலே இணைப்புத் தரும் தானியங்கி நிலையத்துக்கு 1891-இல் அவர் காப்புரிமை பெற்றது பதிவான வரலாறு.

கம்பியில்லாக் கணினி வலையமைப்பின் கதை ஹவாய்த் தீவுகளில் தொடங்குகிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் கடலால் பிரிந்து கிடந்தன. அவற்றைத் தொலைபேசிக் கம்பியால் இணைப்பது செலவு மிகுந்தது. அலைச்சறுக்கில் பேரார்வம் கொண்ட பேராசிரியர் நார்மன் ஆபிரம்சனும் அவர்தம் குழுவினரும் வானொலி அலைகளைக் கையாண்டு 1971-ஆம் ஆண்டு அலோகாநெட்டை இயக்கினர். நடுவில் இருந்த கணினிக்கு மெனெஹுனே என்று பெயர். இரவோடு இரவாக வேலைகளை முடித்துவிடும் குள்ள மாந்தர்களாக ஹவாய்ப் பழங்கதைகள் அவர்களைச் சித்திரிக்கின்றன. பொருத்தமான பெயர்தான்!

தொலைவிலுள்ள முனையங்கள் யாரிடமும் அனுமதி கேளாமல் செய்தியை அனுப்பின. மெனெஹுனே அதனைப் பெற்றதும் 'கிடைத்தது' என்று விடை தரும். இரண்டு முனையங்கள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் சிதையும். விடை வராத முனையம் சற்றுப் பொறுத்து, தற்செயலாக ஒரு நேரத்தைத் தேர்ந்து மீண்டும் அனுப்பும். ஆசிரியர் இல்லாத வகுப்பறையில் மாணவர்கள் பேசுவதை எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான். இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிக அளவாக 18 விழுக்காடே பயன்படும் என்று கணக்கிடப்பட்டது. எஞ்சியது மோதலிலும் காத்திருத்தலிலும் கழிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. எல்லாச் செய்தியும் நடுவணைக் கடந்தே செல்ல வேண்டியிருந்ததால், அது படுத்துவிட்டால் முனையங்கள் அனைத்தும் ஊமையாகிவிடும்.

ஆபிரம்சனின் கட்டுரையைப் படித்த ராபர்ட் மெட்காஃப், அக்கருத்தை மேலும் வளர்த்து 1973-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஈத்தர்நெட் குறிப்பை எழுதினார். அவர் நடுவரையே நீக்கிவிட்டார். ஒரே கம்பி; எல்லாரும் அதில் தொங்குவர்; பேசுமுன் பிறர் பேசுகிறாரா என்று செவிமடுப்பர்; மோதினால் விலகி நின்று மீண்டும் முயல்வர். கேட்டபின் பேசுதல் என்னும் அந்த ஒரு பண்பு சேர்ந்ததும் பயன்பாடு பன்மடங்கு உயர்ந்தது. இதனை மாணவர்களிடம் சொன்னபோது, "எங்களத்தான சொல்றீங்க சார்?" என்று ஒருவன் சிரித்தான்.

1997-இல் வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரம் வெளிவந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 1999-இல் அது 11 ஆக உயர்ந்தது; வைஃபை என்னும் பெயரும் அவ்வாண்டிலேயே புழக்கத்துக்கு வந்தது. அலுவலகங்களில் இக்கருவிகள் பெருகியபோது புதிய தலைவலியும் பிறந்தது. நூறு கருவிகள் இருந்தால் கடவுச்சொல்லை மாற்ற நூறு முறை அமர வேண்டும். இந்த இடத்தில் நடுவர் மீண்டும் நுழைந்தார். ஏர்ஸ்பேஸ், அருபா போன்ற நிறுவனங்கள் கூரையிலுள்ள கருவிகளை மெலிதாக்கி, அறிவையெல்லாம் ஒரு நடுவண் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தன. 2005-இல் ஏர்ஸ்பேஸை சிஸ்கோ வாங்கியது. இவை பேசிக்கொள்வதற்கான கேப்வேப் என்னும் பொதுநெறி 2009-இல் வெளியானது. தொடக்கத்தில் வந்த இத்தகைய பெட்டிகள் பலவற்றில் தரவு முழுவதும் பெட்டி வழியாகவே சென்றது. மெனெஹுனேயின் பழைய வலிமையும் பழைய வலுவின்மையும் ஒருசேரத் திரும்பி வந்துவிட்டன எனலாம்.

2010-களில் இச்சிந்தனை சிறு கடைகளுக்கும் வீடுகளுக்கும் இறங்கி வந்தது. முதலில் கணினியில் நிறுவும் மென்பொருளாகவும் பின்னர் சிறு பெட்டியாகவும் கிடைத்தது. இவ்வகைப் பெட்டி தரவின் பாதையில் நிற்பதில்லை. அமைப்புகளைக் கருவிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்று கவனிக்கும். அதன் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டாலும் கருவிகள் கடைசியாகப் பெற்ற அமைப்போடு தொடர்ந்து இயங்கும். இதனை நானே பிடுங்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். இடிமின்னல் மிகுந்த நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று.

இனி என் வீட்டுக் கதை. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், பாடங்கள் இயங்கலைக்கு மாறின. முன்னறையில் நான் கற்பிக்க, மாடியில் மகள் கற்க, பின்னறையில் என் தாயார் தம்பியோடு காணொலியில் பேச, ஒரே ரௌட்டர் திணறியது. அடுத்தடுத்து இரண்டு வைஃபைக் கருவிகளை வாங்கி மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல். அம்மா பின்னறைக்குச் சென்றாலும் அவர்தம் கைப்பேசி முன்னறைக் கருவியையே பிடித்துக்கொண்டிருக்கும். "உன் தம்பி பேசறது பாதியிலயே நிக்குதுய்யா" என்பார். நான்கு ஆண்டுகள் அப்படியே ஓட்டினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டியை வலைக்கம்பியில் இணைத்ததும் அது அதே வலையமைப்பிலிருந்த கருவிகள் இரண்டையும் கண்டுபிடித்தது. ஆனால், ஏற்றுக்கொள்ளுமுன் அவற்றின் பழைய கடவுச்சொல்லைக் கேட்டது. ஒன்றை மறந்திருந்தேன். அம்மாவின் கொண்டை ஊசியால் மீட்டமைப்புத் துளையை அழுத்தினேன். பழைய அமைப்புகள் அழிந்தன. எப்படியும் அழியத்தான் வேண்டும். ஆட்சிக்குள் வந்த கருவி பெட்டியின் அமைப்பையே ஏற்கும். வேறு நிறுவனத்து ரௌட்டரை அது ஆளவில்லை. எனவே ரௌட்டரின் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டேன். திரையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கருவிகள் இரண்டும் இத்தனை ஆண்டுகளாக 6-ஆம் அலைத்தடத்திலேயே இருந்து ஒன்றுக்கொன்று இடையூறாக நின்றிருக்கின்றன! ஒன்றை 1-க்கும் மற்றதை 11-க்கும் மாற்றினேன். பெயரையும் ஒன்றாக்கினேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: எந்தக் கருவிக்குத் தாவுவது என்பதை முடிவெடுப்பது கைப்பேசியே. பெட்டி பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். நல்ல வேளையாக அம்மாவின் கைப்பேசி பரிந்துரையைக் கேட்டு நடக்கிறது.

அன்றிரவு மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். யாருடைய கருவி எத்தனை மணிக்கு இணைந்தது, எவ்வளவு பயன்படுத்தியது என்று பட்டியல் நீண்டது. "அப்பா, நான் எப்பத் தூங்குறேன்னு இதுல தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "உங்களோடது எனக்குத் தெரியுமா?" என்றாள்.

ஸ்ட்ரோஜரின் நினைவு வந்தது. மறுநாள், அமைப்பை மாற்ற இயலாத, பார்க்க மட்டும் இயலும் ஒரு கணக்கை அவள் பெயரில் திறந்து கொடுத்தேன். முதல் வாரத்திலேயே, "சார், நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன வேலை?" என்று என்னைக் கேட்டுவிட்டாள்.