டெலிபோர்ட் ஆனா விழாம தப்பிக்கலாமா?

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடற மேஜைல அடிக்கடி கிளம்பற பஞ்சாயத்து இது. மலையுச்சிலேர்ந்து விழறவன் நடுவானத்துல டெலிபோர்ட் ஆனா பிழைப்பானா?

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் 1974ல உருவாக்கின ஆட்டம். 1978 கையேட்டுல டெலிபோர்ட்டே கண்டம்தான். குறி மேல தப்பினா அந்தரத்துல தோன்றி விழணும், கீழ தப்பினா தரைக்குள்ள சமாதி :-) விழுந்தா 10 அடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை அடி, அதிகபட்சம் 20 பகடை.

2014ல வந்த ஐந்தாம் பதிப்புல 'மிஸ்டி ஸ்டெப்' மந்திரம் 30 அடி தள்ளிக் கொண்டுபோய் விடும். ஆனா நம்ம முறை வந்தாத்தான் போடலாம். அதுவரை தரை காத்திருக்குமா? 2017ல 'ஸானதார்ஸ் கைட்' ஒரு விருப்ப விதி சொல்லிச்சு: விழுந்த உடனே 500 அடி வரை இறங்கிடுவீங்க.

ஒரு சுற்று 6 விநாடி. ப்ளஸ் டூ ஃபார்முலா போட்டா 576 அடி வருது. காத்துத் தடையைக் கழிச்சா, 500 நியாயமான கணக்குதான். ஆக, அதுக்குக் குறைஞ்ச உயரம்னா மிஸ்டி ஸ்டெப் உதவாது. அடுத்தவர் முறையிலயும் போடக்கூடிய 'ஃபெதர் ஃபால்'தான் கதி.

சரி, 600 அடி உயரம், முறையும் வந்தாச்சு, பக்கத்துப் பாறைக்குத் தாவியாச்சு. விழுந்த வேகம் என்னாகும்? 2007ல வந்த 'போர்ட்டல்' வீடியோ கேம்ல வேகம் கூடவே வரும். இங்க விதி வாயே திறக்கலை. வருஷக்கணக்கா வளர்த்த கேரக்டரோட உசுரு டஞ்சன் மாஸ்டர் கையில.

என் ஓட்டு: மந்திரத்தைச் செலவழிச்சவன் பிழைக்கட்டும். எதுவானாலும் தீர்ப்பை மலை ஏறறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க சாமி!