கூலி தானாக மலிவதில்லை

"ஆள் பிடிக்கேலாமல் கிடக்கு. கூலி குடுத்துக் கட்டாது." வெங்காயம் நடுகிற காலத்திலும் கிண்டுகிற காலத்திலும் புத்தூர்ப் பக்கம் இந்தக் கதையைக் கேட்காமல் இருக்க ஏலாது. உரம், மருந்து, எண்ணெய் விலை ஏறினால் அரசாங்கத்தைப் பேசுகிறோம். கூலி ஏறினால் மட்டும் கூலிக்கு வாற ஆளைப் பேசுகிறோம். முன்பு மலிவாக இருந்த கூலி, இப்ப கூடிவிட்டது என்பதுதான் எங்கட முறைப்பாடு. அது முன்பு ஏன் மலிவாக இருந்தது எண்டு நாங்கள் கேட்பதில்லை.

எங்களுக்குத் தோட்டம் எண்டால் செம்மண், கிணறு, வெங்காயம், புகையிலை. மலையகத்தில் தோட்டம் எண்டால் தேயிலை, லயம், துரை. அங்கேயிருந்தே தொடங்குவோம்.

19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் கோப்பி போட்டபோது, சொந்தக் காணி வைத்திருந்த கண்டிச் சிங்கள விவசாயிகள் அந்தக் கூலிக்கு வர விரும்பவில்லை. கூலியைக் கூட்டுவதற்குப் பதிலாக, பஞ்சத்திலும் கடனிலும் சாதிக் கொடுமையிலும் கிடந்த தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஆக்களைக் கொண்டுவந்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை வரை நடை. வழியிலேயே கொலராவால் செத்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவரின் பயணச் செலவு அவரின் கடனாகவே எழுதப்பட்டது. அந்தக் கடன் தொகையைக் குறிக்கும் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடனைக் கட்டுகிற புதுத் துரையிடம் கடனோடு சேர்ந்து ஆளும் கைமாறுவார். துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கான சட்டம் 1927இல் வந்தது.

கோப்பி பருவத்துக்கு மட்டும் ஆள் கேட்ட பயிர். 1869இல் தொடங்கிய இலைநோய் அதை அழித்த பிறகு வந்த தேயிலைக்கு வருசம் முழுக்கக் கொழுந்து எடுக்கவேணும். வந்து போனவர்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கினார்கள். வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் ஏற்பாடு.

நாட்டுக்கு முதன்மையான ஏற்றுமதி வருமானத்தை உழைத்துக் குடுத்த அந்த மக்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. வாக்கில்லாத தொழிலாளி கூலி கேட்டால் எந்த அரசியல்வாதிக்கும் காது கேட்காது. அதே வருச டிசம்பரில் வந்த இந்திய, பாக்கிஸ்தானியக் குடியுரிமைச் சட்டமூலத்தை, அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலம் ஆதரித்தார். செல்வநாயகம் எதிர்த்து நின்று, அடுத்த வருசம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஆகவே இதில் யாழ்ப்பாணத்துக்குப் பங்கில்லை எண்டு சொல்ல ஏலாது.

எங்கட தோட்டத்துக்கும் இப்படியொரு கதை இருக்கு. டச்சுக்காரர் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமையில் அடிமைகளுக்கெண்டே விதிகள் உண்டு. 1844இல் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் விடுபட்டவர்களுக்குக் காணி கிடைக்கவில்லை. காணியில்லாதவர் யாருடைய தோட்டத்தில், என்ன கூலிக்கு இறங்குவார்? 1970களில் சிறிமாவோ அரசாங்கம் வெங்காய, மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலத்தை ஊரில் இன்னும் பொற்காலம் எண்டுதான் சொல்லுவினம். அந்தக் கதைகளில் கமக்காரரின் வியர்வை வரும், கூலியாளின் வியர்வை வராது. 1977 வன்முறைக்குத் தப்பி வன்னிக்கு வந்த மலையக மக்களும் அங்கே மலிவான கூலியாட்கள் ஆனார்கள். அவர்களில் பலருக்கு இன்றைக்கும் காணி உறுதி இல்லை.

இப்ப வளைகுடாவைப் பாருங்கோ. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் தொடங்கியது. 2023இல் மட்டும் வெளிநாட்டில் உழைப்பவர்கள் இலங்கைக்கு அனுப்பிய காசு கிட்டத்தட்ட 600 கோடி டொலர். அங்கே 'கபாலா' முறையில் முதலாளியின் அனுமதியில்லாமல் வேலை மாறுவது கஷ்டம். கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதும் நடக்கிறது. போகும்போது பட்ட கடன் ஊரில் வட்டியோடு காத்திருக்கும். துண்டு முறை தெரிந்தவர்களுக்கு இது புதுசாக இராது.

மூன்று இடத்திலும் கூலியை மலிவாக்கியது சந்தை மட்டும் இல்லை. காணி இல்லை, வாக்கு இல்லை, வேலையை விட்டுப்போகும் சுதந்திரம் இல்லை. இந்த 'இல்லை'கள்தான் மலிவுக் கூலியின் முதல். மலையகத்தில் 2015இலிருந்து கேட்ட 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல்தான் சட்டமானது. அடுத்த வருசமே ரூபாய் விழுந்து, கிடைத்ததில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது.

நாலு பரப்பு வெங்காயம் வைப்பவர் தேயிலைக் கொம்பனி இல்லை என்பதும் உண்மைதான். அறுவடை நேரத்தில் இறக்குமதி வெங்காயம் வந்து விலையை விழுத்தினால் அவரும் கடனாளி. ஆனால் அந்த நட்டத்தைக் கூலியில் பிடித்துச் சரிக்கட்ட நினைப்பது, தன்னிலும் இல்லாதவரிடம் கடன் வாங்குவது போலத்தான். கேட்கவேண்டியது இறக்குமதி எந்த மாதத்தில் வரவேணும், வெங்காயத்தைப் பழுதாகாமல் வைக்க வசதி எங்கே என்பவற்றை. அந்தக் கேள்வியைக் கமக்காரரும் கூலிக்கு வாறவரும் சேர்ந்து கேட்கலாம். அதுக்கு முதல், கூலி கேட்பவரைத் திமிர் பிடித்தவர் எண்டு பேசுவதை ஊரில் நாங்கள் நிறுத்தவேணும்.