எல்லையை நான்கு முறை தாண்டும் சாலை

வரைபடத்தில் கோடு கிழிப்பது எளிது; அக்கோட்டின் இருபுறமும் வாழ்வதே அரிது. அயர்லாந்துத் தீவில், குளோனிஸ் என்னும் சிற்றூரிலிருந்து கேவன் நகரை நோக்கிச் செல்லும் சாலை இவ்வுண்மைக்குச் சான்றாகக் கிடக்கிறது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் அது இரு நாடுகளின் எல்லையை நான்கு முறை தாண்டுகிறது. அயர்லாந்துக் குடியரசில் அதன் பெயர் 'என் 54'. பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட வட அயர்லாந்தில் 'ஏ 3'. தெற்கே வேக வரம்பு கிலோமீட்டரில், வடக்கே மைலில். இன்று அவ்வழியே செல்வோர்க்கு இவற்றைத் தவிர வேறு வேற்றுமை அதிகம் தென்படுவதில்லை. ஆனால் இந்த அமைதிக்கு அச்சாலை கொடுத்த விலை பெரிது.

சாலை வளைந்ததால் எல்லையைத் தாண்டவில்லை. எல்லைதான் வளைந்து வளைந்து சாலையின் மேல் வந்து விழுந்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1921 மே 3 அன்று அயர்லாந்து இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அல்ஸ்டர் மாநிலத்தின் ஒன்பது மாவட்டங்களில் ஆறு வடக்கே நின்றன. மோனகன், கேவன், டோனகால் ஆகிய மூன்றும் தெற்கே சேர்ந்தன. புதிய எல்லைக்கென யாரும் நிலத்தை அளக்கவில்லை. வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் பழைய ஆட்சியாளர் வகுத்த மாவட்டக் கோடுகளே நாட்டின் எல்லைகளாயின. ஓடைகளையும் வயல் வரப்புகளையும் பற்றிச் சென்ற அக்கோடுகள் பண்ணைகளின் நடுவே புகுந்தன. மோனகன் மாவட்டத்தின் டிரம்முல்லி என்னும் பகுதி வட அயர்லாந்துக்குள் நாக்கைப் போல நீண்டு கிடக்கிறது. குடியரசின் பிற பகுதிகளிலிருந்து அங்கே சாலை வழியே செல்ல விரும்புவோர் அயல்நாட்டு மண்ணை மிதித்தே தீர வேண்டும். எல்லையைத் திருத்த அமைக்கப்பட்ட ஆணையத்தின் முடிவுகள் 1925 நவம்பரில் ஒரு நாளிதழில் கசிந்தன, கொந்தளிப்பு எழுந்தது, அறிக்கை மூடி வைக்கப்பட்டது. கோடு கிடந்தபடியே கிடந்தது.

இதனினும் பழமையான எல்லைகள் அங்கே உண்டு. குளோனிஸ் ஊர், ஆறாம் நூற்றாண்டில் புனித டைகர்நாக் நிறுவிய துறவு மடத்தைச் சுற்றி வளர்ந்தது. வட்டக் கோபுரமும் கற்சிலுவையும் இன்றும் அங்கே நிற்கின்றன. அவ்வூர் அடங்கிய குளோகர் மறைமாவட்டம், 1111இல் கூடிய ராத்பிரெசில் சங்கத்தின் காலத்தது. நாடு பிரிந்தபோது திருச்சபை தன் எல்லைகளை மாற்றிக்கொள்ளவில்லை. குளோகர், கில்மோர், அர்மா ஆகிய மறைமாவட்டங்கள் இன்றும் இரு நாடுகளிலும் பரவிக் கிடக்கின்றன. ஓர் ஆயர், ஒரு மந்தை. ஆனால் இரண்டு அரசுகள்.

பிரிவினையின் முதற்கனி இரத்தமாகவே இருந்தது. 1922 பிப்ரவரி 11 அன்று, வடபகுதிக் காவற்படையினர் சிலர் இரயில் மாறுவதற்காகக் குளோனிஸ் நிலையத்தில் இறங்கினர். வடக்கிலிருந்து வடக்கிற்கே சென்ற அவர்களின் பாதை தென்பகுதி வழியாக அமைந்திருந்தது. அங்கு மூண்ட சண்டையில் காவலர் நால்வரும் ஐரியக் குடியரசுப் படைத் தலைவர் ஒருவரும் மாண்டனர். 1923 ஏப்ரல் 1 முதல் சுங்கச் சாவடிகள் எழுந்தன. சரக்கு வண்டிகள் அனுமதி பெற்ற சில சாலைகளில் மட்டுமே செல்லலாயின. மற்றவற்றில் சென்றவை கள்ளக் கடத்தல் எனக் கருதப்பட்டன. நான்கு திசைகளிலிருந்தும் இரயில் பாதைகள் வந்து கூடிய குளோனிஸ், 1957இல் பயணிகள் இரயிலை முற்றிலும் இழந்தது. எஞ்சியது சாலை மட்டுமே.

1969க்குப் பின் அச்சாலைகளும் தப்பவில்லை. 1972 டிசம்பர் 28 அன்று குளோனிஸிலும் அருகிலுள்ள பெல்டர்பெட் என்னும் ஊரிலும் குண்டுகள் வெடித்தன. பெல்டர்பெட்டில் பதின்வயதினர் இருவர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் அவ்வூரை வடக்கோடு இணைத்த அகலேன் பாலமும் தகர்க்கப்பட்டது. ஆயுதம் ஏந்தியோரின் நடமாட்டத்தைத் தடுக்கவெனப் பிரித்தானியப் படையினர் சிறு சாலைகளில் பள்ளம் பறித்தனர். கற்காரைக் கட்டைகளை நட்டனர். ஆயுதம் ஏந்தியோர் இதனால் நின்றுவிடவில்லை. கோவிலுக்கும் கல்லறைக்கும் சந்தைக்கும் செல்ல வேண்டியவர்களே பல மைல் சுற்றினர். ஊரார் மண்வெட்டியோடு கூடிப் பள்ளங்களை நிரப்பினர். படையினர் மீண்டும் பறித்தனர். ஊரார் மீண்டும் நிரப்பினர்.

1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அயர்லாந்துக்கு வந்தார். வன்முறையின் காரணமாக வடக்கே உள்ள அர்மா நகருக்குச் செல்ல இயலவில்லை. எனவே செப்டம்பர் 29 அன்று, எல்லைக்குத் தெற்கே இருந்தும் அர்மா உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த டிராகெடாவில் நின்று, ஆயுதங்களைக் கைவிடுமாறு மன்றாடினார். எல்லையைத் தாண்டாமலே அவர் வடக்கின் மந்தையோடு பேச முடிந்ததற்குப் பழைய மறைமாவட்ட எல்லையே வழி செய்தது. ஆனால் துப்பாக்கிகள் உடனே ஓயவில்லை என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

1993 தொடக்கத்தில் ஐரோப்பியப் பொதுச் சந்தையால் சுங்கச் சோதனைகள் நீங்கின. 1994இல் போர் நிறுத்தம் வந்தது. அடைபட்ட சாலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளியன்று, சமாதான உடன்படிக்கை உருவாயிற்று. அகலேன் பாலம் இருந்த இடத்தில் 1999இல் புதிய பாலம் எழுந்தது. பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கிய அமெரிக்கர் ஜார்ஜ் மிட்செலின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2020இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது பழைய அச்சம் மீண்டும் தலைதூக்கியது. இருநூற்றுக்கும் மேற்பட்ட எல்லைச் சாலைகளில் மீண்டும் சாவடி வைக்க யாரும் துணியவில்லை. பிரித்தானியாவிலிருந்து வரும் சரக்குகளின் சோதனை வட அயர்லாந்தின் துறைமுகங்களுக்கு மாற்றப்பட்டது.

எல்லைகள் வேண்டாம் என்று இவ்வரலாறு கூறவில்லை. ஆட்சிக்கு எல்லை வேண்டும். அந்தக் கோடு இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் எல்லையைக் காக்கச் சாலையை வெட்டிய காலத்தில் எல்லைக்கும் அமைதி இல்லை, மக்களுக்கும் அமைதி இல்லை. சாலை திறந்தபோதுதான் இரண்டும் நிலைபெற்றன. வாய்க்கால் வரப்புக்காகவும் தெருவுக்காகவும் கல்லறைத் தோட்டத்துக்காகவும் நம்மிடையேயும் கோடுகள் உண்டு. அவற்றின் குறுக்கே ஒரு வழியேனும் திறந்திருக்கிறதா என்று நாம் பார்த்துக்கொள்வது நல்லது. பறித்த பள்ளத்தை நிரப்புவதற்கு ஆணையமும் உடன்படிக்கையும் வரும்வரை அவ்வூரார் காத்திருக்கவில்லை. மண்வெட்டியை முதலில் எடுத்தவர்கள் அவர்களே.