குவாங்சௌவான்: வளராத துறைமுகம் ஒன்றின் வரலாறு

"இவ்வாறு நிகழ்ந்திருந்தால் என்னவாகியிருக்கும்?" என்னும் வினாவை வரலாற்றாசிரியர் பலர் ஐயத்துடனேயே நோக்கி வந்துள்ளனர். ஈ. எச். கார், 1961 இல் வெளிவந்த 'வரலாறு என்றால் என்ன?' என்னும் நூலில், இத்தகைய வினாக்களை வெறும் பொழுதுபோக்கு விளையாட்டு எனத் தள்ளிவிட்டார். ஆயினும், கைவிடப்பட்ட ஒரு வழி அக்காலத்தவர் கண்முன் மெய்யாகவே திறந்திருந்ததெனின், அது ஏன் கைவிடப்பட்டது என வினவுதல் வரலாற்று மாணவரின் கடனேயாகும். தென்சீனக் கரையில் பிரான்சு 1898 முதல் 1945 வரை தன் பிடியில் வைத்திருந்த குவாங்சௌவான் அவ்வாறு வினவத்தக்க ஓர் இடமாகும். இரண்டாவது ஹொங்கொங்காக மலரும் எனப் பிரெஞ்சுக் குடியேற்றவாதிகள் எதிர்பார்த்த இத்துறை ஏன் வளரவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

1894–95 ஆம் ஆண்டுப் போரில் யப்பானிடம் சீனா தோல்வியுற்றமை மஞ்சூப் பேரரசின் வலுவின்மையை உலகுக்கு வெளிப்படுத்திற்று. 1897 நவம்பரில் ஜேர்மனி கியாவ்சௌ குடாவைக் கைப்பற்றியது. 1898 இல் ரஷ்யா ஆதர் துறைமுகத்தையும், பிரித்தானியா வெய்ஹாய்வெய்யையும் ஹொங்கொங்கின் புதிய ஆட்சிப் பிரதேசத்தையும் குத்தகையாகப் பெற்றன. இப்போட்டியில் பின்தங்க விரும்பாத பிரான்சு, 1898 ஏப்பிரலில் குவாங்டொங் மாகாணத்தின் லெய்சௌ குடாநாட்டின் கிழக்குக் கரையில் தன் கொடியை ஏற்றியது.

ஆனால் அம்மண் ஆளில்லா மண்ணன்று. சுயிசி மாவட்டத்துக் கிராமத்தவர் படை திரட்டி எதிர்த்தனர். மோதல்கள் 1899 இன் இறுதிவரை நீடித்தன. அவ்வாண்டு நவம்பர் 16 ஆந் திகதி கைச்சாத்தான உடன்படிக்கை, ஏறக்குறைய 1,300 சதுர கிலோமீற்றர் பரப்பை 99 ஆண்டுக் குத்தகையாகப் பிரான்சுக்கு அளித்தது. மக்களது எதிர்ப்பினாலேயே எல்லை பின்தள்ளப்பட்டது எனச் சீன வரலாற்றாசிரியர் கூறுவர். எல்லையிலமைந்த பாலம் ஒன்று 'ஓரங்குலப் பொன்' எனப் பொருள்படும் பெயரால் இன்றும் அந்நினைவைத் தாங்கி நிற்கின்றது.

குத்தகை நிலம் 1900 முதல் இந்தோசீன மகாதேசாதிபதியின் ஆட்சியின்கீழ் வைக்கப்பட்டது. அதன் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்த முடிவு இதுவே எனலாம். துங்ஹாய், நௌசௌ ஆகிய தீவுகளால் காக்கப்பட்ட நல்ல இயற்கைத் துறை அங்கிருந்தது. சிக்கான் என்னும் பழைய சீன வணிக நகரும் அதன் அருகே இருந்தது. இல்லாதது பின்னிலத்துடனான தொடர்பே. ஹொங்கொங் முத்தாற்றின் முகத்தில், கன்ரன் நகரின் வாயிலில் அமைந்தது. 1911 இல் புகையிரதப் பாதையும் அதனைக் கன்ரனுடன் இணைத்தது. குவாங்சௌவானிலோ, குடாநாட்டின் மேற்குக் கரையிலுள்ள அன்பூ வரை பாதையமைக்கும் உரிமையை உடன்படிக்கை வழங்கியிருந்தும், அப்பாதை அமைக்கப்படவேயில்லை.

மூலதனம் இல்லாமையால் இவ்வாறாயிற்று என்று கூறமுடியாது. 1897 முதல் 1902 வரை மகாதேசாதிபதியாயிருந்த போல் டூமெயர் தம் கவனத்தை ஹைபொங் துறைமுகத்தை யுன்னான் மாகாணத்துடன் இணைப்பதிலேயே செலுத்தினார். மலைகளைக் குடைந்தமைத்த ஹைபொங்–குன்மிங் பாதை 1910 இல் நிறைவெய்தியது. தென்மேற்குச் சீனாவின் வணிகத்தைத் தன் சொந்தத் துறைமுகத்தின்பால் ஈர்த்துக்கொண்ட இந்தோசீன அரசு, அதற்குப் போட்டியாக இன்னொரு துறைமுகத்தை வளர்க்க எவ்விதத் தேவையுங் கொண்டிருக்கவில்லை. ஆகவே, போர்க்கப்பல் ஒன்றின் பெயரைப் பெற்ற பயார்க் கோட்டை நகரில் அலுவலகங்களும் படைமுகாமும் இரட்டைக் கோபுரத் தேவாலயமும் எழுந்தன, பெருந்துறைமுகம் எழவில்லை. சுங்கவரியற்ற அத்துறையின் வாழ்வு பெரும்பாலும் அபின் வணிகத்திலும் கள்ளக்கடத்தலிலும் தங்கலாயிற்று. 1930களில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் அங்கு வாழ்ந்தனர். அவருள் ஐரோப்பியர் சில நூற்றுவரே.

பின்னிலமே குறை என்னும் இம்முடிபைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பையும் வரலாறே அளித்துள்ளது. 1938 ஒற்றோபரில் கன்ரன் யப்பானியரிடம் வீழ்ந்தது. சீனாவின் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. நடுநிலை நாடொன்றின் கொடி பறந்த குவாங்சௌவான், உள்நாட்டுச் சீனாவுக்குப் பண்டங்கள் செல்லும் வாயில்களுள் ஒன்றாக மாறியது. 1941 டிசம்பரில் ஹொங்கொங் வீழ்ந்தபின் அகதிகள் பெருந்தொகையினராக வந்து சேர்ந்தனர். நாற்பதாண்டுகளாகக் காணாத செழிப்பைச் சிக்கானின் கடைவீதிகள் சில ஆண்டுகளிற் கண்டன. அச்செழிப்பு பிறர் துன்பத்தின் விளைவு என்பதை நாம் மறத்தலாகாது. 1943 பெப்ரவரியில் யப்பானியப் படைகள் நுழைந்ததும் அது முடிவுற்றது. 1945 மார்ச்சில் பெயரளவிலான பிரெஞ்சு ஆட்சியும் வீழ்ந்தது. அவ்வாண்டு ஓகத்து 18 இல் சுங்கிங்கில் கைச்சாத்தான உடன்படிக்கையால் நிலம் சீனாவுக்கு மீண்டது. நகர் ஜான்ஜியாங் எனப் பெயர் பெற்றது.

இரண்டாவது சான்று அதன் பின்னர் கிடைத்தது. பிரான்சு அரை நூற்றாண்டில் செய்யாததை மக்கள் சீனம் சில ஆண்டுகளிற் செய்தது. 1955 இல் குவாங்சியின் லிடாங்கிலிருந்து ஜான்ஜியாங் வரை புகையிரதப் பாதை நிறைவெய்தியது. 1956 இல் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 1984 இல் வெளிநாட்டு முதலீட்டுக்குத் திறக்கப்பட்ட பதினான்கு கரையோர நகரங்களுள் ஜான்ஜியாங்கும் ஒன்றாயிற்று. எனினும் அது ஹொங்கொங்காகிவிடவில்லை. புகையிரதப் பாதை அதனைத் தென்மேற்குச் சீனாவின் சிறந்த வாயிலாக்கியிருக்கலாம்; முத்தாற்றையும் கன்ரனையும் அதற்கு அளித்திருக்க முடியாது. 'நிகழ்ந்திருந்தால்' என்னும் வினாவுக்கும் எல்லையுண்டு என்பதற்கு இதுவே சான்று.

குத்தகைக் காலம் முழுமையாக ஓடியிருப்பின் அது 1998 இல், 1997 இல் ஹொங்கொங்கும் 1999 இல் மக்காவும் மீண்டதற்கு இடைப்பட்ட ஆண்டில், முடிந்திருக்கும். அந்நிலையில் பிரெஞ்சு மொழிப் பெயர்ப்பலகைகளும் உயர்ந்த மாளிகைகளும் கொண்ட ஒரு நகரை இன்று கற்பனை செய்தல் எளிது. ஆனால் அக்கற்பனையில் சுயிசி மாவட்டத்து உழவருக்கு இடமில்லை. 1925 இல் கவிஞர் வென் யீதுவோ, சீனத்தாயிடமிருந்து பறிக்கப்பட்ட ஏழு பிள்ளைகளைப் பாடியபோது குவாங்சௌவானையும் அவர்களுள் ஒன்றாகவே வைத்தார். இழந்த துறைமுகத்தின் சிறப்பை எண்ணி ஏங்குபவரும், இழந்த பிள்ளையை எண்ணி ஏங்குபவரும் ஒரே மண்ணைப் பற்றியே பேசுகின்றனர். 'என்னவாகியிருக்கும்' என வினவும் மாணவர், யாருக்கு என்னவாகியிருக்கும் என்பதையும் உடன் வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவும்போதே அவ்வினா விளையாட்டு என்னும் நிலை நீங்கி வரலாற்று ஆய்வாகின்றது.